இருபத்தெட்டுப் புள்ளி எட்டு கிலோமீட்டர்

உக்காருங்க சார், தாராளமா உக்காருங்க. நான் ஒல்லிதான், என் பைதான் குண்டு. அதை மடியில வச்சிக்கிறேன். வண்டி எங்க நின்னுச்சு?

எப்படித் தெரியும்னு பாக்காதீங்க. கையில ஹெல்மெட்டு, மூஞ்சில கோவம், ஏறினது பஸ்ஸு. அப்போ வண்டி எலக்ட்ரிக் வண்டி, நின்னது நடு ரோட்டுல. பெட்ரோல் வண்டியா இருந்தா இந்நேரம் பாட்டில எடுத்துக்கினு பங்க்குக்கு நடந்திருப்பீங்க.

எத்தனை கிலோமீட்டர் போவும்னு சொன்னாங்க? நூத்திப் பத்தா? எவ்ளோ போச்சு? அறுபத்தி மூணு. ம். தப்பு வண்டி மேல இல்ல சார். பேட்டரி மேலயும் இல்ல. நான் சொல்றேன் கேளுங்க, பழவேற்காடு போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு.

என் பேரு பொன்னுரங்கம். மின்வாரியத்துல ரீடிங் எடுத்துக்கினு இருந்தேன். முப்பத்தி ரெண்டு வருஷம், வீடு வீடாப் போய் மீட்டரைப் பாத்து அட்டையில யூனிட் எழுதுனவன். நாய் கடிச்சது ஆறு தடவ. கணக்குத் தப்புனது ஒரு தடவ கூட இல்ல. யூனிட்டுன்னா இன்னா? ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். அவ்ளோதான். இது தெரிஞ்சவன் உலகத்துல எதை வேணா கணக்குப் போடலாம். படகு உள்பட.

ஆனா எங்க ஊருல வந்து பொன்னுரங்கம் வீடு எதுன்னு கேட்டீங்கன்னா ஒருத்தருக்கும் தெரியாது. ‘பாதிவழி’ வீடு எதுன்னு கேட்டாப் பால் குடிக்கிற கொழந்தை கூட கை காட்டும். பாதிவழி! என் கணக்குக்கு அந்த ஊரு வச்ச பேரு அது. அந்த வருத்தத்தைத்தான் சொல்றேன்.

ரிட்டயர் ஆனதும் என் வீட்டம்மா மல்லீஸ்வரி அவங்க பொறந்த ஊருக்கே போயிடலாம்னு சொன்னா. பழவேற்காடு ஏரிக்கு அந்தாண்ட ஒரு தீவு மாதிரி, கொக்குமேடுன்னு பேரு. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தண்ணி வழியா சரியா நாலு கிலோமீட்டர். அவ தம்பி தேசப்பன் ஒரு பாய்ப் படகு வச்சிருக்கான். பாய் கட்டி, காத்து அடிக்கிற பக்கம் பாத்து, ஆளுங்களை ஏத்தி எறக்கறான். காத்து நல்லா இருந்தா அரை மணி நேரம். காத்து இல்லன்னா ஏறினவன் ஷேவ் பண்ணிட்டு ஏறி தாடியோட எறங்குவான்.

நான் ஒரு நாளு அப்படித்தான் மாட்டிக்கினேன். பென்ஷன் ஆபீசுல வேலை. படகு நடு ஏரியில நின்னுபோச்சு. பாயி ஈரத் துண்டு மாதிரி தொங்குது. "இன்னா மச்சான், எப்போ போவும்?"னு கேட்டேன். தேசப்பன் வானத்தைப் பாத்தான். "அது வரும் மாமா"ன்னான்.

எப்போ வரும்?

"வரும்போது வரும்."

இது ஒரு பதிலா சார்? கரென்ட்டு எப்போ வரும்னு கேட்டவங்களுக்கு முப்பத்தி ரெண்டு வருஷம் நானும் இதைத்தான் சொல்லியிருக்கேன், ஆனா அது வேற. அங்கியே, அந்தப் படகுலயே முடிவு பண்ணேன். இந்தப் படகுக்கு மோட்டாரு போடறோம். டீசல் இல்ல. டீசல் ஊத்தினா மீனு நாறும். எலக்ட்ரிக் மோட்டாரு.

தேசப்பன் வேணாம்னு சொல்லல. அவன் எதையும் வேணாம்னு சொல்றவன் இல்ல. "அக்கா இன்னா சொல்லுது?"ன்னு மட்டும் கேட்டான். அக்கா சொன்னது, "ஊட்டுக்கு ஒரு இன்வர்ட்டர் போடுங்கன்னு மூணு வருஷமாக் கேக்கறேன், அதுக்குப் பேட்டரி கெடைக்கல, படகுக்குக் கெடைக்குதா?" அதை அவனுக்குச் சொல்லல. அக்கா சம்மதிச்சிடுச்சுன்னு சொன்னேன்.

மீஞ்சூருல போய் நாலு பேட்டரி புடிச்சேன். ஒவ்வொண்ணும் பன்னெண்டு வோல்ட்டு, நூறு ஆம்பியர். பெருக்கிப் பாருங்க, ஆயிரத்தி இருநூறு. நாலையும் சேத்தா நாலாயிரத்தி எண்ணூறு. அதாவது நாலு புள்ளி எட்டு யூனிட். மோட்டாரு ஆயிரம் வாட், மணிக்கு ஒரு யூனிட் தின்னும். அப்போ நாலு புள்ளி எட்டு மணி நேரம் ஓடும். மணிக்கு ஆறு கிலோமீட்டர் போவும். ஆறையும் நாலு புள்ளி எட்டையும் பெருக்கினா?

இருபத்தெட்டுப் புள்ளி எட்டு கிலோமீட்டர்.

செவப்புப் பெயின்ட் வாங்கி நானே படகோட வயித்துல எழுதிட்டேன். ‘28.8 கி.மீ.’ கொக்குமேட்டுக்காரங்க எல்லாம் வந்து பாத்தாங்க. "இது படகோட நம்பரா, வெலையா?"ன்னு ஒருத்தன் கேட்டான். இது தூரம்டான்னு சொன்னேன். "அவ்ளோ தூரம் எங்க இருக்கு, நம்ம ஊருக்கு நாலுதான?"ன்னான். அறிவியலை இவங்களுக்குப் புரிய வைக்கிறது கஷ்டம்.

பேட்டரி ஒவ்வொண்ணும் முப்பது கிலோ. நாலையும் ஒரு பெட்டியில வச்சிப் பின்னாடி எறக்கினதும் படகு கொஞ்சம் உக்காந்துச்சு. "ரெண்டு பேரு எறங்கவே மாட்டேன்னு உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு மாமா"ன்னான் தேசப்பன். கனத்தைக் கொறைக்கணும்னு தோணுச்சு. எதைக் கொறைக்கலாம்னு பாத்தேன். பாய்மரம் நின்னுக்கினு இருந்துச்சு. கழட்டிட்டேன். பாயையும் சுருட்டிட்டேன். தள்ற மூங்கில் கோல் ரெண்டு கெடந்துச்சு, அதையும் எடுத்துக் கோழிக்குக் கூண்டு கட்டக் குடுத்துட்டேன். கரென்ட்டுப் படகுக்கு எதுக்கு சார் கோலு? லைட்டு போட்ட வீட்டுல யாராவது தீப்பந்தம் வச்சிருப்பாங்களா?

மொதல் ஓட்டம் நல்லா இருந்துச்சு. சத்தமே இல்ல. நாரைங்க எல்லாம் நகராம நின்னு பாத்துச்சு. கரை ஓரமாவே பதினாலு கிலோமீட்டர் சுத்தினோம். அப்புறம் நின்னுபோச்சு. தேசப்பன் தண்ணியில குதிச்சி, கயித்தைத் தோள்ல போட்டு இழுத்துக்கினு வந்தான். ஏரி ஆழம் இல்ல சார், நிறைய எடத்துல இடுப்பளவுதான். அவன் இழுத்தான், நான் பேட்டரி மீட்டரைப் பாத்துக்கினு வந்தேன். யாராவது ஒருத்தரு மீட்டர் பாக்கணும் இல்ல?

மறுநாளு மீஞ்சூருக்குப் போய் கடைக்காரரு சட்டையைப் புடிக்காத கொறையாக் கேட்டேன். அவரு பொறுமையாச் சொன்னாரு: "சார், இது லெட் ஆசிட் பேட்டரி. பாதி வரைக்கும்தான் இழுக்கணும். அதுக்கு மேல இழுத்தாப் பேட்டரி செத்துடும். அதுக்குத்தான் ஒரு கன்ட்ரோலரு குடுத்திருக்கேன், வோல்ட்டு கீழ போனா அதுவே நிறுத்திடும்."

"அப்போ மீதிப் பாதி எதுக்குங்க?"

"அந்தப் பாதி இருந்தாத்தான் சார் இந்தப் பாதி வரும்."

யோசிச்சிப் பாத்தா நியாயமாத்தான் இருந்துச்சு. நம்ம பென்ஷன் கூட அப்படித்தான். வந்து 28.8ஐ அடிச்சிட்டு 14.4ன்னு எழுதினேன். அடுத்த வாரம் எதிர்க்காத்துல ஓட்டிப் பாத்தேன், ஒம்பதுலயே நின்னுச்சு. அதையும் அடிச்சிட்டு 9ன்னு எழுதினேன். ஒளிக்கிற பழக்கம் எனக்குக் கெடையாது சார். அட்டையில திருத்தம் பண்ணா பக்கத்துலயே கையெழுத்துப் போடணும், அதையும் போட்டேன். அப்பத்தான் அந்தப் பேரு கெளம்புச்சு, பாதிவழின்னு. பரவால்ல. போவ நாலு, வர நாலு, மொத்தம் எட்டு. கையில ஒம்பது. ஒரு கிலோமீட்டர் மிச்சமே இருக்கு!

இப்போதான் முக்கியமான எடம் வருது. தேசப்பனுக்கு ஒரே பொண்ணு, தமயந்தி. நர்ஸுக்குப் படிச்சிருக்கு. எண்ணூருல மாப்பிள்ள பாத்தாங்க. லோகநாதன், துறைமுகத்துல கிரேன் ஓட்டறான். தங்கமான பையன். ஆனா அவனுக்கு ஒரு அத்தை இருக்காங்க, பூஷணம்மா. அப்பா அம்மா இல்லாத புள்ளையை அவங்கதான் வளத்தது. பூஷணம்மா சரின்னா சரி, இல்லன்னா இல்ல. இதுக்கு முன்னாடி ரெண்டு எடம் பாத்து, ஒரு எடத்துல காபி ஆறிப்போச்சுன்னும், இன்னொரு எடத்துல நாற்காலி ஆடுச்சுன்னும் எழுந்து வந்துட்டாங்களாம்.

நிச்சயம் புதன்கெழம. பன்னெண்டு மணிக்கு ராகு காலம் பொறக்குது, அதுக்குள்ள தாம்பூலம் மாத்தியாகணும். அவங்க வீட்டுலேர்ந்து பதினாலு பேரு பழவேற்காட்டுக் கரைக்கு வந்துடுவாங்க. அங்கேர்ந்து படகு.

தேசப்பன் மொதல் தடவையா என் வீட்டுக்கு வந்து தரையில உக்காந்தான். "மாமா, ஒரு நாளைக்கு மட்டும் பாய் கட்டிக்கலாமா?"

"ஏன் மச்சான், என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல இருக்கு மாமா."

"அப்புறம்?"

என் வீட்டம்மாதான் அடுப்பங்கரையிலேர்ந்து, "அவனுக்குப் பொண்ணு ஒண்ணுதான், பேட்டரி மாதிரி நாலு இல்ல"ன்னா. நான் காதுல வாங்கல. மாப்பிள்ள வீட்டை வேர்க்க விறுவிறுக்க வெயில்ல காத்துக்குக் காத்திருக்க வைக்கிறதா? சத்தமில்லாம, ஆடாம, கார்ல வர்ற மாதிரி கூட்டிக்கினு வர்றேன் பாருன்னேன். அவன் எழுந்து போயிட்டான். போவும்போது தலையை ஆட்டினான். அது சரின்னு அர்த்தம்னு எடுத்துக்கினேன்.

புதன்கெழம காலையில முழு சார்ஜு. காலிப் படகை ஓட்டிக்கினு நானும் தேசப்பனும் இந்தக் கரைக்கு வந்தோம். நாலு கிலோமீட்டர், அலுங்காம வந்துச்சு. மாப்பிள்ள வீட்டுக்காரங்க பத்து மணிக்கு வர வேண்டியவங்க பத்தரைக்கு வந்தாங்க. பதினாலு பேரு, ஏழு தட்டு, ஒரு அண்டா லட்டு. பூஷணம்மா கனகாம்பரக் கலருல பட்டுப் புடவை. ஏறும்போதே படகோட வயித்தைப் பாத்து நின்னுட்டாங்க.

"இன்னா தம்பி, ரெண்டு நம்பரை அடிச்சி மூணாவது எழுதியிருக்கு?"

"அது திருத்தம்மா"ன்னேன்.

"கடைசியா எழுதுனதாவது சரியா?"

கையெழுத்து போட்டிருக்கு பாருங்கன்னேன். ஏறிட்டாங்க.

மொதல் ரெண்டு கிலோமீட்டர் சார், ராஜா மாதிரி வந்தோம். பூஷணம்மாவே, "சத்தமே இல்லையே, நல்லாருக்கே"ன்னு சொன்னாங்க. நான் தேசப்பனைப் பாத்தேன், பாத்தியான்னு. அப்போதான் எதிர்க்காத்து கெளம்புச்சு. மீட்டரைப் பாத்தேன். காலியா வந்தப்போ மெதுவா எறங்கின முள்ளு, இப்போ பதினாலு பேரையும் லட்டையும் பாத்துட்டுக் கிடுகிடுன்னு எறங்குது. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கு. பேட்டரியில இருக்கிறது கொஞ்சம்.

நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க? மெதுவாப் போவீங்களா? சரி, நீங்க பயந்தவரு. நான் யோசிச்சேன். பேட்டரி தீரப் போவுது. அது தீர்றதுக்குள்ள போய்ச் சேரணும். அப்போ இன்னா பண்ணணும்? சீக்கிரம் போவணும்! திருகினேன் ஃபுல்லா. படகு பறந்துச்சு. பூஷணம்மா புடவை முந்தானை கொடி மாதிரி அடிக்குது. "மாமா, மெதுவா, மெதுவா"ன்னு தேசப்பன் கத்தறான். "நேரமில்ல மச்சான்!"னு நான் கத்தறேன். அந்தத் தீவு கிட்ட வருது, பந்தல் தெரியுது, வாழைமரம் தெரியுது, மேளக்காரரு நம்மளப் பாத்துட்டு வாசிக்க ஆரம்பிச்சிட்டாரு.

டக்குனு நின்னுச்சு சார்.

கரைக்கு அரைக் கிலோமீட்டர். மணி பதினொண்ணு பத்து. மேளம் மட்டும் வாசிச்சிக்கினே இருக்கு.

இதுல ஒரு விஷயம் அப்புறம் கடைக்காரரு சொல்லித் தெரிஞ்சிக்கினேன். தண்ணியில வேகத்தைக் கொஞ்சம் ஏத்தினா கரென்ட்டு மடங்கு மடங்கா இழுக்குமாம். பாதி வேகத்துல போயிருந்தா கரைக்குப் போயிட்டுத் திரும்பி வந்திருக்கலாமாம். அப்புறம் சொல்லி இன்னா பிரயோஜனம்? படகுலயே எழுதி ஒட்டியிருக்கணும் இல்ல?

தேசப்பன் என்னைத் திட்டுவான்னு பாத்தேன். திட்டல. சட்டையைக் கழட்டி மடிச்சி வச்சிட்டுத் தண்ணியில குதிச்சான். கயித்தைத் தோள்ல போட்டான். பதினாலு பேரு, ஏழு தட்டு, லட்டு, நாலு பேட்டரி, நானு. அத்தனையையும் ஒத்த ஆளு இழுக்கறான். வெயில் காலம், தண்ணி கம்மி, கீழ சேறு. ரெண்டு அடி நகந்து, அடியில சேத்துல உக்காந்துக்கிச்சு. மறுபடி இழுத்தான். அவன் கழுத்து நரம்பு பொடைக்கிறதைப் பாத்தேன் சார். பொண்ணைப் பெத்தவன் முகத்தைப் பாக்க முடியாமத்தான் அவன் முதுகைப் பாத்தேன். இருபத்தெட்டுப் புள்ளி எட்டுன்னு மனசுக்குள்ள ஒரு தடவ சொல்லிப் பாத்தேன். அப்பவும் சரியாத்தான் வந்துச்சு கணக்கு.

நானும் குதிச்சேன். புது வேட்டி. பின்னாடி நின்னு தள்ளினேன். நகரல. மாப்பிள்ள எறங்கப் போனான்.

"டேய், உக்காரு"ன்னாங்க பூஷணம்மா. "நிச்சயத்துக்குப் போறவன் சேத்தோட போவியா? நானும் எறங்க மாட்டேன். நனைஞ்ச புடவையோட ஒரு வீட்டு வாசல்ல போய் நிக்கிற வழக்கம் எங்க குடும்பத்துல இல்ல. பன்னெண்டு வரைக்கும் பாப்பேன். அப்புறம் வந்த வழியே திருப்பு."

திருப்பறதுக்கும் பேட்டரி வேணும்னு சொல்ல வாயெடுத்தேன். தேசப்பன் என்னைப் பாத்தான். மூடிக்கினேன்.

ஊருலேர்ந்து வேற படகு வரச் சொல்லலாம்னா எல்லாப் படகும் விடியக்காலையிலயே தொழிலுக்குப் போயாச்சு. கோல் ஊனலாம்னா கோல் கோழிக் கூண்டா நிக்குது. என் போனை எடுத்தா, தூரம் அளக்கறதுக்காகக் காலையிலேர்ந்து ஓட விட்டதுல அதுவும் செத்துக் கெடக்கு. அப்போ மாப்பிள்ள அவன் போனை எடுத்தான். நம்பரு தேடல, யாரையும் கேக்கல. கட்டைவெரலால ஒரே ஒரு தட்டு.

"தமா, நாங்க நடுவுல நின்னுட்டோம்"ன்னான்.

தமா! மத்த பதிமூணு பேரும் அவனைத் திரும்பிப் பாத்தாங்க. பூஷணம்மாவுக்குப் புருவம் நெத்தியில போய் ஒட்டிக்கிச்சு. "எத்தனை நாளா?"ன்னு கேட்டாங்க. அவன் காது செவந்துபோச்சு. "ஜனவரியிலேர்ந்து அத்தை"ன்னான்.

அந்தப் பக்கம் தமயந்தி இன்னா சொல்லுச்சோ தெரியாது. மேளம் நின்னுச்சு. கரையில கசமுசான்னு ஒரு கூட்டம். அப்புறம் பாத்தா, சிவப்புப் புடவை ஒண்ணு தண்ணியில எறங்குது. பட்டுப் புடவையை முட்டிக்கு மேல தூக்கிச் சொருகிக்கினு, தலை நெறைய பூவோட, எங்க வீட்டுப் பொண்ணு தண்ணியில நடந்து வருது சார்! அது பின்னாடி என் வீட்டம்மா, தலையில பழத் தட்டு. அது பின்னாடி சொந்தக்காரப் பொம்பளைங்க வரிசையா, ஒவ்வொருத்தி தலையிலயும் ஒரு தட்டு. ஊருப் பெரியவரை நாட்டார்னு சொல்வோம், அவரு நிச்சயப் பத்திரிகையைப் பிளாஸ்டிக் கவருல போட்டுப் பல்லுல கடிச்சிக்கினு வராரு. மேளக்காரரு தவிலைத் தலை மேல தூக்கிக்கினு வராரு. நாதஸ்வரக்காரரு மட்டும் இடுப்புத் தண்ணியில நடந்துக்கினே வாசிக்கிறாரு. அந்த ஓசை தண்ணி மேல வரும்போது பூநாரைக் கூட்டம் ஒண்ணு எழும்பிப் போச்சு. நான் பொய் சொல்லல.

பதினொண்ணு நாப்பதுக்கு வந்து சேந்துட்டாங்க. தமயந்தி படகு விளிம்பைப் புடிச்சிக்கினு மூச்சு வாங்க நின்னு, நேரா பூஷணம்மாவைப் பாத்து, "நீங்க நனைய வேணாம் அத்தை, நாங்க நனைஞ்சிட்டோம்"ன்னுச்சு.

பூஷணம்மா ஒரு நிமிஷம் அதையே பாத்தாங்க. அதோட புடவையெல்லாம் சேறு, ஆனா தலையில பூவெல்லாம் நேரா இருக்கு. "காபி கொண்டு வந்திருக்கியா?"ன்னு கேட்டாங்க.

என் வீட்டம்மா பிளாஸ்க்கை நீட்டினா. குடிச்சிப் பாத்தாங்க. "சூடா இருக்கு"ன்னாங்க. "பொண்ணைத் தூக்கி மேல விடுங்கடா!"

பேட்டரிப் பெட்டி மேல ஜமுக்காளம் விரிச்சி, அதுலதான் சார் தட்டு வச்சோம். நாட்டார் தண்ணியில நின்னே பத்திரிகை படிச்சாரு. பதினொண்ணு அம்பத்தி ரெண்டுக்குத் தாம்பூலம் மாத்தியாச்சு. தேசப்பன் தண்ணியில நின்னு அழுதான். நானும் பக்கத்துல நின்னு அழுதேன். அப்புறம் முப்பது பேரு சேந்து தள்ளினாங்க, படகு சோப்பு மாதிரி வழுக்கிக்கினு கரைக்குப் போச்சு. நான் மட்டும் சரியான எடத்துல நிறுத்தலன்னா இந்த நிச்சயம் நடந்திருக்குமா? நீங்களே சொல்லுங்க. ஆனா ஊருல ஒருத்தன் அப்படிச் சொல்லல. பாதிவழி, பாதிவழின்னு சிரிக்கறான்.

நன்றி தெரிஞ்சவங்க பூஷணம்மாதான். கல்யாணம் முடிஞ்சி, மாப்பிள்ளைக்கு வேலையில ஏதோ உயர்வு வந்து, பொண்ணுக்கு ஆஸ்பத்திரியில வேலையும் கெடைச்சுதா, அவ்ளோதான். எண்ணூரு முழுக்கச் சொல்லிட்டாங்க: நடுத் தண்ணியில நிச்சயம் பண்ண ராசி. ஆறு மாசத்துல ஒரு குடும்பம் வந்து கேட்டாங்க. பொண்ணு கொக்குமேடு, மாப்பிள்ள காட்டுப்பள்ளி. "உங்க படகுதான் வேணும். அதே மாதிரி, அதே எடத்துல நிக்கணும்."

தேசப்பன் சொன்னான், "அதுக்கென்ன மாமா, அந்த எடம் வந்ததும் சுவிட்சை அணைச்சிட்டாப் போச்சு."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "சார்ஜு இருக்கும்போது அணைக்கிறதா? அது ஊரை ஏமாத்தறது மச்சான். பில்லு கட்டினவன் வீட்டு ஃபியூஸை என்னிக்காவது புடுங்கியிருக்கேனா? தானா தீந்து, தானா நிக்கணும். அதுக்குக் கணக்கு இருக்கு."

மூணு நாள் உக்காந்தேன் சார். ஆளு எத்தனை, எடை எவ்ளோ, காத்து எந்தப் பக்கம், எல்லாத்தையும் எழுதி, பேட்டரியில எவ்ளோ ஏத்தணுமோ அவ்ளோ மட்டும் ஏத்தினேன். முழுசா ஏத்தல. சரியா அரைக் கிலோமீட்டருக்கு முன்னாடி தீரணும். தேசப்பன் அந்த எடத்துல ஒரு மூங்கிலை நட்டு, செவப்புத் துணி கட்டிட்டு வந்தான். ஆளுங்க நடந்து வர அடையாளம் வேணுமாம். சரின்னு விட்டுட்டேன்.

நம்புவீங்களா சார்? நேரா போனோம், அந்த மூங்கிலு பக்கத்துல வந்தோம், டக்குனு நின்னுச்சு. ஒரு அடி முன்ன இல்ல, ஒரு அடி பின்ன இல்ல! அந்தக் குடும்பமே கை தட்டுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி. முப்பத்தி ரெண்டு வருஷத்துக் கணக்கு சார் அது. அதுல இன்னொரு அதிசயம். தாம்பூலம் மாத்தி முடிஞ்சி, "கரைக்குப் போலாமா"ன்னு தேசப்பன் கேட்டு, நான் சும்மா திருகிப் பாக்கறேன், மோட்டாரு மறுபடி ஓடுது! கடைக்காரருகிட்ட கேட்டேன். பேட்டரி கொஞ்ச நேரம் ஓய்வெடுத்தா தெம்பு வரும்னு சொன்னாரு. அதுவும் என் கணக்குல இருந்திருக்கு பாருங்க, எனக்கே தெரியாம.

இதுவரைக்கும் பதினோரு நிச்சயம். நாளைக்கு பன்னெண்டாவது. மழையில ஒண்ணு, எதிர்க்காத்துல ரெண்டு, ஒரு தடவ மாப்பிள்ள வீட்டுல இருபத்திரெண்டு பேரு வந்துட்டாங்க, ஒரு தடவ சார்ஜு போட மறந்துட்டு முந்தின நாளு மிச்சத்தோட போயிட்டோம். எப்படிப் போனாலும் அந்த மூங்கிலுகிட்டதான் நிக்குது. நூல் புடிச்ச மாதிரி. உங்க கம்பெனிக்காரன் நூத்திப் பத்துன்னு சொல்லி அறுபத்தி மூணுல நிறுத்தறான், நான் சொன்ன எடத்துல நிறுத்தறேன். கணக்குன்னா அது சார்.

இவ்ளோ கண்ணால பாத்தும் என் மச்சானுக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை வரல. எப்பவும் முன்னாடி காத்து வாங்க உக்காந்து வந்தவன், இப்பல்லாம் பின்னாடி அந்தப் பேட்டரிப் பெட்டி மேலதான் உக்காறான். ஒரு கையை மூடிக்குள்ள விட்டு ஒயரைப் புடிச்சிக்கினே வர்றான். பயம் சார், பாவம்.